பீரோ உறுதி... சுவரில் ஓட்டை!

வீட்டில் ஒரு இரும்பு பீரோவைச் சுவரில் பதித்து வைக்கிறீர்கள். பூட்டு பிரமாதம், எந்தத் திருடனாலும் உடைக்க முடியாது. ஆனால், பதித்த கொத்தனார் சுவரில் ஒரு ஓட்டையை அடைக்காமல் போய்விட்டார் என்றால்? திருடன் பீரோவைத் தொடவே வேண்டாம். ஓட்டை வழியாக நுழைந்து வீட்டுக்கே எஜமானன் ஆகிவிடலாம்!

கம்ப்யூட்டர் உலகத்தில் நிஜமாகவே இப்படி ஒரு கூத்து நடந்தது.

2004-ல் வெளிவந்தது ‘ட்ரூகிரிப்ட்’ என்ற இலவச மென்பொருள். உங்கள் ஃபைல்களை அடுத்தவர் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கிப் பூட்டிவைக்கும். எழுதியவர்கள் யார்? பெயரைச் சொல்லவே இல்லை!

2013-ல் அமெரிக்க உளவு அமைப்பின் ஒட்டுக்கேட்பு வேலைகளை ஸ்னோடென் போட்டு உடைத்தார். உடனே எல்லோருக்கும் சந்தேகம். இந்தப் பூட்டுக்கும் ஒரு கள்ளச்சாவி இருக்குமோ? பேராசிரியர் மாத்யூ கிரீனும் கென்னத் ஒயிட்டும் பொதுமக்களிடம் நிதி திரட்டி, நிபுணர்களை வைத்துச் சோதித்தார்கள். ‘கள்ளச்சாவி இருப்பதாகத் தடயம் இல்லை’ என்றது 2014 ஏப்ரலில் வந்த முதல் அறிக்கை. அப்பாடா!

நிம்மதி இரண்டு மாதம்கூட சரியாக நீடிக்கவில்லை. மே 28 அன்று, ‘இது பாதுகாப்பானதல்ல’ என்று அறிவித்துவிட்டு, அந்த முகம் தெரியாத ஆசாமிகள் கடையைக் கட்டிவிட்டார்கள்! நல்லவேளையாக, மூனிர் இத்ராசி என்பவர் பிரான்ஸிலிருந்து அதே நிரலை அடிப்படையாக வைத்து ‘வெராகிரிப்ட்’ என்ற மென்பொருளை 2013-லேயே தொடங்கியிருந்தார்.

2015 செப்டம்பரில்தான் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. கண்டுபிடித்தவர் கூகுளின் ‘ப்ராஜெக்ட் ஜீரோ’ குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ஷா.

விஷயம் இதுதான். பூட்டிய பெட்டியைத் திறந்தால், விண்டோஸில் அது ஒரு புது டிரைவாகத் தெரியும். அதற்கு ஒரு எழுத்து தர வேண்டும். அந்த எழுத்து ஏற்கெனவே வேறு டிரைவுக்குப் போயிருக்கிறதா என்று மென்பொருள் சரியாகச் சோதிக்கவில்லை. ஆக, அதே கம்ப்யூட்டரில் சாதாரண அனுமதி மட்டுமே உள்ள ஒருவர், தன் பெட்டியை ‘சி’ டிரைவ் மாதிரியே உட்காரவைக்கலாம். விண்டோஸும் அதை நம்பி, அவர் வைத்த புரோகிராமை முழு அதிகாரத்துடன் இயக்கிவிடும். வாட்ச்மேன் முதலாளி நாற்காலியில்! இத்தனைக்கும் சங்கேதப் பூட்டு உடையவே இல்லை. கூடவே, இதே ரகத்தில் இன்னொரு ஓட்டையும் சிக்கியது.

இத்ராசி சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று வெளியான வெராகிரிப்ட் 1.15-ல் இரண்டு ஓட்டைகளும் அடைக்கப்பட்டன. ட்ரூகிரிப்டில்? அடைக்க ஆளே இல்லையே!

இன்னொன்றையும் கவனியுங்கள். நிபுணர்கள் சோதித்த முதல் கட்டத்திலேயே விண்டோஸுடன் பேசும் அந்தப் பகுதியும் இருந்தது. அப்படியும் ஓட்டை கண்ணில் படவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை பேர் பார்த்தாலும் ஒரு தப்பு ஒளிந்துகொள்ளத்தான் செய்யும். ஆகவே, ஒரு மென்பொருளை நிறுவும்முன் ‘இதில் ஓட்டை இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘நாளைக்கு ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் இருக்கிறாரா?’ என்றும் கேளுங்கள்.

உங்கள் பழைய கம்ப்யூட்டரில் ட்ரூகிரிப்ட் இன்னும் இருக்கிறதா? அந்த ஓட்டையும் அங்கேயேதான் இருக்கிறது!