மீன் தொட்டி பம்ப்பும் நாலாவது ஒயரும்

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் கூலிங் மாட்டிய முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. பிரவுசரைத் திறந்தால் போதும், ஃபேன் எல்லாம் உய்ய்ய்னு ஏறும், ரெண்டு செகண்டில் இறங்கும், மறுபடி ஏறும். ஒரே சீரான சத்தம்னா பழகிடும். ஏறி இறங்குற சத்தம் பழகவே பழகாது. ஏன் இப்படின்னு தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் ஃபேன். பழைய ஃபேன்களுக்கு இரண்டே ஒயர், 12 வோல்ட்டும் கிரவுண்டும். மூன்றாவது ஒயர் வந்தபோதும் அது வேகத்தை மாற்ற வரவில்லை. சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பி வேகத்தைச் சொல்ல மட்டுமே வந்தது. வேகம் குறையணும்னா வோல்டேஜைக் குறைக்கணும். அதற்கு ஆர்வலர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள்: ஃபேனின் ஒரு ஒயரை 12 வோல்ட்டிலும், மற்றதை கிரவுண்டுக்குப் பதில் 5 வோல்ட்டிலும் செருகினால், ஃபேனுக்குக் கிடைப்பது 7 வோல்ட். (பவர் சப்ளைக்கு நல்லதில்லை. ஆனால் வேலை செய்யும்.) ரொம்பக் குறைத்தால் ஃபேன் கிளம்பவே கிளம்பாது.

2004-இல் எல்ஜிஏ775 சாக்கெட் வந்த சமயத்தில் இன்டெல் நாலாவது ஒயரை வரையறுத்தது. 12 வோல்ட் எப்போதும் முழுசாகப் போகும்; வேகத்துக்கான உத்தரவு மட்டும் தனி ஒயரில், 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பாகப் போகும். மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதால் அந்தத் துடிப்பின் இரைச்சல் நமக்குக் கேட்காது.

பம்ப்பின் கதை இன்னும் சுவாரசியம். சொந்தமாக வாட்டர் கூலிங் கட்டிய ஆரம்பகால ஐரோப்பியர்கள் பலர் வாங்கியது ஜெர்மனியின் எஹைம் நிறுவனத்து மீன் தொட்டி பம்ப், 1046. நேராக 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடும். அதில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, அவ்வளவுதான். அதாவது அந்த பம்ப்பின் வேகத்தைத் தீர்மானித்தது கம்ப்யூட்டர் இல்லை, மின் நிலையம்! பம்ப்பை ஆன் பண்ண மறந்துட்டு கம்ப்யூட்டரை மட்டும் போட்டால் சிபியு வெந்துவிடும். அந்தப் பயத்தில் ரிலே வைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள்.

அக்வா கம்ப்யூட்டர் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம் இதற்கு அழகாக ஒரு தீர்வு கண்டது. அதே 1046-ஐ எடுத்து, 12 வோல்ட் டிசியிலிருந்து ஏசியைத் தானே உண்டாக்கும் சர்க்யூட்டை அதோடு சேர்த்து, அக்வாஸ்ட்ரீம் என்று விற்றது. ஹெர்ட்ஸை மாற்றினால் வேகம் மாறும். பிறகு லெயிங் நிறுவனத்தின் டி5 பரவியது; பின்பக்கம் 1 முதல் 5 வரை ஒரு திருகு. பிடபிள்யூஎம் ரகம் அதற்கும் பிந்தியது.

சரி, திருகக் கை கிடைச்சாச்சு. எதைப் பார்த்துத் திருகுவது? என் தூக்கம் போனது இங்கேதான். மதர்போர்டு பார்ப்பது சிபியு வெப்பநிலையை. அது ஒரு நொடிக்குள் 20 டிகிரி குதிக்கும். தண்ணீர் அப்படியில்லை: ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4186 ஜூல் வேண்டும். 200 வாட் சூடு முழுசும் தண்ணீரிலேயே தங்கினாலும் அதற்கு 21 நொடி ஆகும். ரேடியேட்டர் ஃபேன் குளிர்விப்பது தண்ணீரை. அதை ஓட்டுவதோ வேறொரு பொருளின் வெப்பநிலை. ஓடாம என்ன செய்யும்? நீராவி என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்திய கவர்னர்களிலும் இதேபோன்ற ஏற்ற இறக்கம் இருந்தது. அதைக் கணக்காக எழுதி மேக்ஸ்வெல் கட்டுரை வெளியிட்டது 1868-இல்.

நான் குழாயில் ஒரு தெர்மிஸ்டரைச் செருகி, ஃபேன்களைத் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்க்க வைத்தேன். இப்போ ஃபேன் ஏறுவதே காதுக்குத் தெரியவில்லை. பம்ப்பை மட்டும் ஒரே வேகத்தில் விட்டுவிட்டேன். ஓட்டம் ஓரளவுக்கு மேல் போனால் வெப்பநிலை பெரிசாகக் குறைவதில்லை. அது ஓடுவது கிட்டத்தட்ட அதே 3000-இல்தான்.