கருவியியல் தொழில்நுட்பர்: தண்டையார்பேட்டை எண்ணெய் முனையங்களை முன்வைத்து

ஆலைகளில் அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம், மட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளையும், அந்த அளவைக் கொண்டு வால்வுகளை இயக்கும் அமைப்புகளையும் கவனித்துக்கொள்பவர் கருவியியல், கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பர். ஐ.டி.ஐ.யில் இதற்கான பிரிவு ‘இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்’. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949இல் தொடங்கியபோதே இத்துறையைப் பாடமாக வைத்தது. பழுது பார்ப்பவர் என்றே இவரை எண்ணுகிறோம். ஆனால் செத்துப்போன கருவி பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் சுற்றில் சுழியத்துக்கு 4 என்று வைத்ததில் அந்தச் சூட்சுமம் இருக்கிறது: கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0க்கு விழும், தொட்டி காலி என்று எவரும் ஏமாற மாட்டார். ஒழுங்காக வேலை செய்வதுபோல் தோன்றும் கருவியைச் சந்தேகிப்பதுதான் இவருடைய கடினமான வேலை.

சென்னைத் தண்டையார்பேட்டையில் இந்தச் சந்தேகத்துக்குத் தேவை அதிகம். துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாய்களும் சேமிப்புத் தொட்டிகளும் வீடுகளை ஒட்டியே இருக்கின்றன. 2013இல் இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருந்தது தெரியவந்தது. குடியிருப்பவர்கள்தாம் முதலில் கண்டார்கள். அனுப்பிய அளவையும் வந்துசேர்ந்த அளவையும் ஒப்பிட்டால் கசிவு தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். மணிக்கு 500 கிலோலிட்டர் ஓடும் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் அரை விழுக்காடு பிழை என்றாலே மணிக்கு 2,500 லிட்டர் கணக்கில் தெரியாமல் போகும். மெல்லிய கசிவு அந்தப் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கேலிபரேஷன், அதாவது கருவி காட்டும் அளவைச் சரியான அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது, வெறும் சான்றிதழ்ச் சடங்கு அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அளவை அனுப்பும் இன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் தம் பழுதைத் தாமே அறிவிக்கின்றனவே, ஆள் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. தம் மின்னணுப் பாகத்தின் கோளாறை அவை அறியும். அழுத்தம் கொண்டுவரும் சிறுகுழாய் அடைத்துக்கொண்டதைச் சொல்ல எல்லாக் கருவியாலும் முடியாது. கருவி சொல்லாமல் விட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய் முனையத்தில் 2005 டிசம்பர் 11 அதிகாலை, பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்க, மட்டமானி ஒரே அளவில் நின்றுவிட்டது. கடைசிக் காவலான தனி உயர்மட்ட சுவிட்சும் இயங்கவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் பூட்டை மாட்டாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு வேறு யாரும் கைவைக்காமல் தடுக்க மட்டுமே என்று நினைத்துவிட்டார்களாம்! தொட்டி வழிந்து, ஆவி பரவி, காலை 6 மணியளவில் வெடித்தது. சோதனை முடிந்தபின் நெம்புகோலைப் பழைய நிலைக்குத் தள்ளுவதும், சோதனைக்காகக் காவல் அமைப்பைச் செயலிழக்கச் செய்யப் போட்ட பைபாஸை எடுப்பதும், எடுத்ததை இன்னொருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திடுவதும் இத்தொழிலில் சோதனையின் பகுதியாகவே எண்ணப்பட வேண்டியவை.