வாயுவையா, இடத்தையா? நிலத்தடி ஹைட்ரஜன் சேமிப்பில் சட்டம் எதை ஆள வேண்டும்

வெயிலும் காற்றும் மிகுந்த மாதங்களில் கிடைக்கும் மின்சாரத்தை அவை குறைந்த மாதங்களுக்குப் பேரளவில் சேர்த்துவைக்க, அதை ஹைட்ரஜனாக்கி நிலத்துக்கடியில் செலுத்துவது இன்று முன்வைக்கப்படும் முதன்மையான வழிகளுள் ஒன்று. ஒரே அழுத்தத்தில், ஒரே கன அளவில், ஹைட்ரஜன் தரும் ஆற்றல் இயற்கை எரிவாயு தருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் இதற்கு இடம் ஏராளமாக வேண்டும். தொழில்நுட்பம் புதிதன்று. இங்கிலாந்தின் டீசைடு பகுதியில் 1970களிலிருந்தும் டெக்சாசின் கிளெமென்ஸ் உப்பு மேட்டில் 1983 முதலும் உப்புக் குகைகளில் ஹைட்ரஜன் இருந்துவருகிறது. யூட்டா மாநிலத்தின் டெல்டா நகருக்கருகே தலா 5,500 டன் கொள்ளும் இரு குகைகள் திட்டமிடப்பட்டன. பின்தங்கியிருப்பது சட்டம். பல நாடுகளின் சட்டங்கள் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு என்று பொருளின் பெயரைச் சொல்லியே நிலத்தடியை ஆள்கின்றன. அந்த அடிப்படையே பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். எந்த வாயு உள்ளே இருக்கிறது என்பதைவிட, அது இருக்கும் இடம் யாருடையது, அதை நிரப்பும் உரிமை யாருக்கு, பிற்காலத்தில் அதன் பொறுப்பு யார்மேல் என்பவற்றையே சட்டம் முதலில் தீர்க்க வேண்டும்.

பொருளின் பெயரை நம்பிய சட்டம் எங்கே பிளவுபடுகிறது என்பதற்கு அமெரிக்காவே தெளிவான சான்று. அங்கு 1938ஆம் ஆண்டின் இயற்கை எரிவாயுச் சட்டம் இயற்கை எரிவாயுவையும், அது செயற்கை வாயுவோடு கலந்த கலவையையும் உள்ளடக்குகிறது. தூய ஹைட்ரஜன் அந்த வரையறைக்குள் இயல்பாக அடங்காது. கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் சேமிப்பகத்தில் 2015 அக்டோபரில் தொடங்கிய கசிவு ஏறத்தாழ நான்கு மாதம் நீடித்து, ஒரு லட்சம் டன்னை நெருங்கும் மீத்தேனை வெளியேற்றியது. அதன் பிறகு கிணறுகளின் உறுதியைச் சோதிக்கவும் கண்காணிக்கவும் கூட்டரசு விதிகள் வந்தன. ஆனால் அவை ‘இயற்கை எரிவாயு’ சேமிப்பகங்களுக்கென எழுதப்பட்டவை. அதே ஆழத்தில், அதே அழுத்தத்தில், அதே வகைத் தேக்கத்தில் ஹைட்ரஜனை நிரப்பினால் அந்தப் பாடம் முழுவதும் பயனற்றுப்போகிறது. ஜெர்மனி இதைத் தவிர்த்தது. அந்நாட்டின் 1980ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சுரங்கச் சட்டம், தனிக் கலன் இல்லாமல் நிலத்தடியில் வாயுக்களையும் திரவங்களையும் திடப்பொருள்களையும் (தண்ணீர் நீங்கலாக) வைத்திருக்கும் அமைப்பையே நிலத்தடிச் சேமிப்பகம் என்கிறது. ஹைட்ரஜன் வந்தபோது அந்த வரையறையைத் திருத்தத் தேவையே இருக்கவில்லை.

பெயரைக்கொண்டு ஆள்வதில் இன்னும் ஆழமான இடர் ஒன்று உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் லோபோடிட்சே என்ற இடத்தில், நீர் தாங்கிய நுண்துளைப் பாறையில் நகர எரிவாயு சேமிக்கப்பட்டது. அதிலிருந்த ஹைட்ரஜனையும் கார்பன் ஆக்சைடுகளையும் நுண்ணுயிரிகள் மீத்தேனாக மாற்றின. ஹைட்ரஜனின் பங்கு 54 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்தது. செலுத்தியது ஒன்று, எடுத்தது வேறொன்று. வாயுவின் பெயரால் அளிக்கப்பட்ட உரிமம் இந்த மாற்றத்தை எப்படி எதிர்கொள்ளும்? உடைமை பற்றிய தீர்ப்புகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. 1934இல் கென்டக்கி நீதிமன்றம் ஹாமண்ட்ஸ் வழக்கில், நிலத்தடியில் செலுத்தப்பட்ட வாயுவைக் காட்டில் விடப்பட்ட விலங்குக்கு ஒப்பிட்டு, செலுத்தியவரின் உடைமை நீங்கிவிடுகிறது என்றது. அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1987இல் அந்நெறியைப் பின்பற்ற மறுத்தது. வாயு நன்கு அடைபட்ட தேக்கத்தில், செலுத்தியவரின் கட்டுப்பாட்டில் இருப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உடைமையைத் தீர்மானித்தது வாயுவின் இயல்பன்று. அதை அடைத்துவைத்த இடம்.

அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதோ இன்னும் ஊருக்கு ஒரு விதமாக இருக்கிறது. டெக்சாசில் உப்பை எடுக்கும் உரிமை ஒருவரிடமும் மேல்நிலம் மற்றொருவரிடமும் இருக்கலாம். உப்பைக் கரைத்தெடுத்த பின் எஞ்சும் குகை யாருடையது என்ற கேள்வியை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம்தான் தீர்த்தது: உப்பு அதன் உரிமையாளருக்கு, வெற்றிடம் மேல்நிலத்தாருக்கு. குகையை உண்டாக்கியவருக்கு அதைச் சேமிப்புக்குப் பயன்படுத்தும் உரிமை தானாக வருவதில்லை. இங்கிலாந்தில் பொக்கார்டோ வழக்கு (2010), மேல்நிலத்தாரின் உடைமை ஆழத்திலுள்ள பாறை வரை செல்லும் என்றும், அனுமதியின்றி அங்கே எண்ணெய்க் கிணறு துளைப்பது அத்துமீறல் என்றும் உறுதிசெய்தது. அந்தத் தடையை நீக்க 2015இல் இயற்றிய சட்டம், 300 மீட்டருக்குக் கீழுள்ள நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பெட்ரோலியத்துக்கும் புவிவெப்பத்துக்கும் மட்டும் கொடுத்தது. ஹைட்ரஜன் அதில் இல்லை. பொருளின் பெயரைப் பட்டியலிடும் பழக்கம், நீக்க முனைந்த தடையையே ஹைட்ரஜனுக்கு அப்படியே விட்டுவைத்தது.

டீசைடும் டெக்சாசும் தனிச்சட்டம் இன்றியே பல பத்தாண்டுகள் நடந்துவிட்டனவே என்று கேட்கலாம். அவை தொழிற்சாலைகள் தம் தேவைக்கு வைத்துக்கொண்ட சில குகைகள். பலருக்கும் பொதுவான சேமிப்பும், பல நிலங்களின் எல்லை கடந்து விரியும் நுண்துளைப் பாறையும் வரும்போது அந்த அனுபவம் போதாது. கான்சாசின் ஹட்சின்சன் நகரில் 2001 ஜனவரியில் நடந்தது இதற்கு எச்சரிக்கை. உப்புக் குகைச் சேமிப்பகத்தின் கிணற்றுக் குழாயிலிருந்து கசிந்த இயற்கை எரிவாயு, பாறை அடுக்கின் வழியே பத்து கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து, கைவிடப்பட்ட பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாக நகருக்குள் எழுந்து வெடித்தது, இருவர் இறந்தனர். அங்கே ஆபத்துக்குப் பாதை கொடுத்தவை யாரும் கணக்கில் வைக்காத துளைகள். எரிவாயுவை விடச் சிறிய மூலக்கூறுகளால் ஆன ஹைட்ரஜனுக்கு அத்தகைய கணக்கெடுப்பு இன்னும் இன்றியமையாதது. இரண்டாவது மறுப்பு, ‘ஹைட்ரஜன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், தெற்கு ஆஸ்திரேலியா 2021இல் அப்படித்தான் செய்தது என்பது. உண்மைதான். ஆனால் அங்கே அது பலித்ததற்குக் காரணம், இயற்கைத் தேக்கங்களையே அரசின் உடைமையாகவும் உரிமத்துக்கு உட்பட்டவையாகவும் அம்மாநிலச் சட்டம் முன்பே வைத்திருந்தது. அத்தகைய அடித்தளம் இல்லாத சட்டத்தில் சேர்க்கும் சொல் எதையும் தாங்காது.

மூன்றாவதாக, இடத்தை ஆளும் சட்டம் நிலத்தாரின் உரிமையைப் பறிப்பதாகும் என்ற மறுப்பே கனமானது. இடத்தை ஆள்வதென்றால் அதை அரசுடைமையாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. பயன்பாட்டு உரிமையைச் சட்டத்தின் வழி எடுத்து, இழப்பீட்டு விதியையும் அதிலேயே எழுதிவிடலாம். பொக்கார்டோ வழக்கில் கடைசியில் நிலைத்த இழப்பீடு 1,000 பவுண்டுதான். இத்தொகையை நீதிமன்றத்தின் பல ஆண்டு வழக்குக்கு விடுவதைவிட முன்கூட்டியே வகுப்பது நிலத்தாருக்கும் நன்மை.

இந்தியா 2023இல் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்தது. ஆனால் பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கை எரிவாயுவை ஹைட்ரோகார்பனைக் கொண்டே வரையறுக்கிறது. பெட்ரோலியக் குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டம் குழாய் பதிக்கும் உரிமையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பாறையின் வெற்றிடத்தை அது தொடவில்லை. மலபார் நிலங்கள் பற்றிய திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம், சட்டப்படி பறிக்கப்படாதவரை அடிமண்ணின் உரிமை நில உடைமையோடு செல்லும் என்றது. இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால், முதல் குகைக்கு முன்பே வழக்கு காத்திருப்பது தெரியும். நாடாளுமன்றம் ஹைட்ரஜனுக்கென்று தனியாக ஒரு விதி எழுதுவதில் நேரம் செலவிடாமல், நிலத்தடிச் சேமிப்பிடத்துக்கென ஒரே சட்டம் இயற்ற வேண்டும். இடத்தின் உரிமை, பழைய கிணறுகளின் பதிவேடு, மூடிய பின்னும் தொடரும் பொறுப்பு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். அவை எழுதப்படும் முன் எந்தச் சேமிப்பகத்துக்கும் உரிமம் வழங்கக் கூடாது.