ஏணியும் படியும்

உளவியல் முதுகலை மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டை மெய்ப்புப் பார்க்கத் தந்திருந்தாள். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று எண் கொடுத்து, கடைசியில் ‘பாலினச் சராசரி 1.6’ என்று போட்டிருந்தாள். கேட்டால், “எல்லாம் ஸ்கேல்தானே சார்” என்றாள். நமக்கு ஸ்கேல் என்றால் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் அடிக்கோல். அந்த ஞாபகம்தான் அவளைக் கவிழ்த்தது. சொல்லின் வேர் லத்தீன் ‘ஸ்காலா’, அதாவது ஏணி. 1946இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த ஏணியில் நான்கு படிகளைக் காட்டினார்: பெயர், வரிசை, இடைவெளி, விகிதம். முதல் படியில் எண் வெறும் அடையாளம், பஸ் நம்பர் மாதிரி. இரண்டாவதில் முந்தியது பிந்தியது தெரியும். எவ்வளவு என்று தெரியாது. மூன்றாவதில் இடைவெளிகள் சமம், ஆனால் உண்மையான பூஜ்யம் கிடையாது. 40 டிகிரி செல்சியஸ் 20ஐப் போல இருமடங்கு சூடல்ல. நான்காவதில்தான் மடங்கு பேசலாம்: விளக்கைக் கண்டு பொத்தானை அழுத்த 600 மில்லிசெகண்ட் என்பது 300ஐப் போல இருமடங்கேதான். இந்த ஸ்கேலைத் தமிழில் ‘அளவுகோல்’ என்று பாடநூல்கள் சொல்கின்றன. கோல் என்றாலே நீட்டி அளக்கும் நினைப்பு வந்துவிடுகிறது. ‘அளவை’ பழஞ்சொல், மணிமேகலையில் அது உண்மையை அறியும் வழி. எனக்குப் பிடித்தது ‘படி’. ஏறுவதும் படி, பாட்டி அரிசி அளந்ததும் படி. லத்தீன் ஏணி தானாக வந்து இதில் உட்கார்ந்துகொள்கிறது. முதல் படியை மட்டும் ‘பெயரளவு’ என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே எண் ஒப்புக்குச் சப்பாணிதானே!