வண்டியேறிச் சென்ற அடுக்களை



யாத்திரைக்குப் புறப்படும் குடும்பத்தார் சாமான் கட்டும் காட்சியை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர் ஆயினும் சரி, பிள்ளைகளுடன் மலைநாட்டிலே கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர் ஆயினும் சரி, மூன்று கல் வைத்து உலையேற்ற எண்ணுவோர் யாவர்க்கும் ஒரு வினா எழுதல் இயல்பு. எந்தப் பாத்திரத்தைக் கொண்டு போவது? வீட்டிலே சட்டி ஓட்டையானால் அயலாரிடம் இரவல் வாங்கலாம். அல்லது சந்தைக்குப் போகலாம். ஆள் நடமாட்டமற்ற வழியிலே அது பழுதானால் என் செய்வது?

இவ்வினாவை மிகப் பெரிய அளவில் எதிர்நோக்கிய ஒரு மக்கட்கூட்டம் வரலாற்றில் உண்டு. 1840ஆம் ஆண்டுக்கும் 1869ஆம் ஆண்டுக்கும் இடையில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்து சென்றனர். ஒரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் போன அவர்களது வழி ஏறக்குறைய 2,000 மைல் நீளமானது. நாலைந்து மாதங்கள் எருதுகள் வண்டியை இழுக்க, ஆடவரும் பெண்டிரும் பிள்ளைகளும் பெரும்பாலும் அருகே நடந்தே சென்றனர். இராணுவக் கோட்டைகளும் சில வாணிகச் சாவடிகளுமே இடையிடையே இருந்தன. ஆகவே, புறப்படும்போது தெரிந்தெடுத்த பாத்திரமே கடைசிவரை சோறு போட வேண்டியதாயிற்று.

முதலில் பாரத்தை எண்ணிப் பார்ப்போம். 1859ஆம் ஆண்டில் ராண்டொல்ப் மார்சி என்னும் இராணுவக் கப்டன் இப்பயணிகளுக்கென ஒரு கைந்நூல் வெளியிட்டார். ஆறு கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியிலே 2,000 இறாத்தலுக்கு மேல் ஏற்றலாகாது என்பது அவர் கூறிய விதி. 110 நாட் பயணத்துக்கு வளர்ந்த ஒருவருக்கு மாவு 150 இறாத்தல், பன்றியிறைச்சி 25 இறாத்தல், சீனி 25 இறாத்தல், கோப்பி 15 இறாத்தல் என்று அவர் கணக்கிட்டார். இந்நான்கும் சேர்ந்தே 215 இறாத்தல். வளர்ந்தோர் நால்வர் உள்ள குடும்பத்துக்கு 860 இறாத்தல். வண்டியின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை உணவே பிடித்துக்கொண்டது. மீதியிலேதான் படுக்கை, உடை, கலப்பை, கருவி, மருந்து, பாத்திரம் யாவும் அடங்க வேண்டும்.

இக்கணக்கை வீட்டிலே போடாதவர்கள் வழியிலே போட நேர்ந்தது. எருது களைத்து விழுந்தபோது, அருமையாகக் கொணர்ந்த வார்ப்பிரும்பு அடுப்புகளைப் பலர் பாதையோரத்தில் இறக்கிவிட்டுச் சென்றனர். பொன் தேடி மக்கள் திரண்டு சென்ற 1849ஆம் ஆண்டிலே, லாரமிக் கோட்டையை அண்டிய வழி நெடுகிலும் இவ்வாறு கைவிடப்பட்ட அடுப்புகளும் பெட்டிகளும் உணவுப் பொருள்களும் குவிந்து கிடந்தன. அவ்வடுப்புகள் உறுதியற்றவை அல்ல. நூறாண்டு உழைக்கக் கூடியவை. ஆனால், சுமக்க முடியாத உறுதி பயணிக்கு உறுதியாகாது என்பதை அவ்வழி கற்பித்தது.

அப்படியாயின் எதனை அவர்கள் கைவிடாது காத்தனர்? ‘ஒல்லாந்துப் போறணை’ என்று நாம் பெயர்த்துச் சொல்லத்தக்க ஒரு பாத்திரத்தையே முதலிற் குறிப்பிட வேண்டும். அது தடித்த வார்ப்பிரும்பாலான பானை. மூன்று குறுங்கால்கள் உடையது. அதன் மூடியின் விளிம்பு சற்று உயர்ந்திருக்கும். பானையைத் தணலின்மேல் வைத்து, மூடியின்மீதும் தணலைப் பரப்பினால், மேலும் கீழும் வெம்மை பெற்று உள்ளே ரொட்டி வேகும். நம் வீடுகளிலே சட்டியின் மேல்மூடியிலும் நெருப்பிட்டு அப்பம் சுடும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. இத்தகைய இரும்புப் பானைகளை மணலச்சில் மெலிதாக வார்க்கும் முறைக்கு, ஆபிரகாம் டார்பி என்னும் ஆங்கிலேயர் 1707ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே இரும்புப் பானை எளிய குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று.

வார்ப்பிரும்பு வெப்பத்தை நெடுநேரம் தன்னுள் வைத்திருக்கும். கொழுப்புத் தடவிச் சூடாக்கிப் பழக்கினால் துருவையும் ஓரளவு தடுக்கும். எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. அதிலே கரி மிகுதியாகக் கலந்திருத்தலால் அது வளையாது, உடையும். ஆட்டங்காணும் வண்டியிலிருந்து கல்லின்மீது விழுந்தாலும், கொதிக்கும் பானையிலே குளிர்நீரை ஊற்றினாலும் வெடித்துவிடும். அதைத் திருத்தும் கொல்லுலை வழியில் எளிதிற் கிடையாது.

இதற்கு நேர்மாறானது தகரப் பாத்திரம். மெல்லிய இரும்புத் தகட்டிலே வெள்ளீயம் பூசிச் செய்த அது இலேசானது, விலை குறைந்தது. ஆனால் அதன் பொருத்துகளும் கைபிடியும் பற்றாசினால் ஒட்டப்பட்டவை. காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு ஏறக்குறைய 183 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். பாத்திரத்தில் நீர் இருக்குமட்டும், நீரின் கொதிநிலை பொருத்துகளைக் காக்கும். நீர் வற்றிய கணமே, அல்லது காற்றிலே சுவாலை கைபிடியைத் தாக்கிய கணமே, கைபிடி வேறு, பேணி வேறாகக் கழன்று விழும்.

இங்கேதான் மார்சியின் அறிவுரை நம் கவனத்துக்குரியது. இறைச்சி வேகவைக்கத் தேனிரும்பாலான பெரிய கேத்தில். பொரிக்கவும் ரொட்டி சுடவும் தேனிரும்புத் தாச்சிகள். கோப்பிக்குத் தடித்த தகரத்தாலான பாத்திரமும் குவளைகளும். அவற்றின் கைபிடிகள் தறையாணி அடித்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் தனித்துக் குறிப்பிட்டார். தேனிரும்பு நசுங்கும், ஆனால் உடையாது. நசுங்கியதைக் கல்லால் தட்டி நிமிர்த்தலாம். தறையாணி நெருப்புக்கு இளகாது. மரவாளியையும் அவர் நம்பவில்லை; வறண்ட காற்றிலே பலகை சுருங்கி நீர் ஒழுகும் என்பது காரணம். ஒரு பாத்திரத்தின் உறுதி அதன் உலோகத்தில் மட்டுமன்று, அதன் மிக நலிந்த பொருத்திலும் தங்கியுள்ளது என்பதே இவ்வறிவுரையின் சாரம்.

இனி, அடுப்பு எரிந்த வகையைப் பார்ப்போம். பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே மரங்கள் அருமை. ஆகவே பெண்களும் சிறுவர்களும் வெளியெங்கும் உலர்ந்து கிடந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி எரித்தனர். வறட்டி எரித்த நம் பாட்டிமாருக்கு அவர்கள் பட்ட பாடு எளிதில் விளங்கும். ஓயாத காற்றுக்கு ஒதுக்காக நிலத்தில் சிறு அகழி தோண்டி, அதனுள் நெருப்பிட்டுச் சமைத்தனர். மலைத்தொடரைக் கடக்கும் தெற்குக் கணவாயோ 7,400 அடிக்கு மேல் உயர்ந்தது. அவ்வுயரத்திலே நீர் 100 பாகைக்கு முன்னரே, சுமார் 92 பாகையிலே கொதித்துவிடும். அவரை விதைகள் மணிக்கணக்காகக் கொதித்தும் மெத்தென வேகாமைக்கு இதுவே காரணம். நன்கு பொருந்தும் மூடி இல்லாதவர்கள் அரிதாய்ச் சேர்த்த எரிபொருளையும் நேரத்தையும் வீணாக்கினர்.

நேயர்களே, இவை வெறும் வசதிப் பிரச்சினைகள் என்று எண்ணிவிடலாகாது. அவ்வழியிலே மிகுந்த உயிர்களைக் கொண்டுபோனது வாந்திபேதியே. 1849ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் அது கொடூரமாகப் பரவிற்று. கூட்டங்கூட்டமாகத் தங்கிய இடங்களில் மாசடைந்த நீரே அதற்கு வாயில். அந்நோயின் கிருமியை ரொபேர்ட் கொக் இனங்கண்டு உலகுக்கு அறிவித்ததோ 1884ஆம் ஆண்டிலேதான். ஆகையால் கோப்பிக்காக நீரைக் கொதிக்க வைத்த தாய், தான் அறியாமலே தன் பிள்ளைகளுக்கு ஒரு காவல் செய்தாள். ஒழுகாத கேத்தில் ஒன்று அவ்வண்டியில் இருந்த மருந்துப் பெட்டிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

1869ஆம் ஆண்டு மே மாதத்திலே கண்டங் கடந்த இருப்புப்பாதை பூர்த்தியாயிற்று. எருதுவண்டிப் பயணம் படிப்படியாக ஓய்ந்தது. உலோகங்களின் கதையோ ஓயவில்லை. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சார்ள்ஸ் ஹோலும் பிரான்சிலே போல் எருவும் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைத் தனித்தனியே கண்டனர். பொன்போல் அருமையாயிருந்த அலுமினியம் அதன்பின் அடுக்களைக்கு வந்தது. இரும்பின் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே உடைய அதனை ஒரே தகட்டிலிருந்து பொருத்தின்றி அழுத்திச் செய்யலாம். ஆயினும் அது எளிதில் நசுங்கும். புளியும் தேசிக்காயும் அதனை அரிக்கும். 1913ஆம் ஆண்டிலே செபீல்டு நகரில் ஹரி பிரியர்லி கறையில்லா உருக்கை உருவாக்கினார். நாம் எவர்சில்வர் என வழங்கும் அது துருவையும் புளியையும் வெல்லும். ஆனால் வெப்பத்தைச் சீராகப் பரப்பாமையால் மெல்லிய அடியிலே சோறு பிடித்துக் கருகும்.

ஆதலின், குறையற்ற உலோகம் என்று ஒன்றில்லை. குடும்பத்துடன் வெளியிலே தங்கிச் சமைக்கப் போகிறவர் இன்றைக்கும் மார்சியின் கண்ணாலேயே பாத்திரத்தைப் பார்க்கலாம். கைபிடியை அசைத்துப் பாருங்கள். அது ஒட்டப்பட்டதா, தறையப்பட்டதா என்று நோக்குங்கள். மூடி இறுகப் பொருந்துகிறதா எனத் தேருங்கள். வாகனத்திலே போவதாயின் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்; தோளிலே சுமப்பதாயின் அதனை வீட்டில் விட்டுவிடுங்கள். ஒன்றனுள் ஒன்று அடங்கும் பானைகள் இரண்டும் ஒரு தாச்சியும் ஒரு கேத்திலும் ஐந்தாறு பேருக்குப் போதும். அவற்றையும் புறப்படுமுன் ஒருமுறை வீட்டு முற்றத்திலே, கல்லடுப்பிலே வைத்துச் சமைத்துப் பாருங்கள். குறை தெரிய வேண்டிய இடம் வீடு, வழியன்று.

வண்டியேறிச் சென்ற அப்பெண்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. ஆயினும் அவர்கள் கொண்டுசென்ற கரிபடிந்த பானைகளிற் சில, ஒரிகன் நாட்டுக் குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்திருக்கின்றன. பாதையோரத்தில் விடப்பட்ட கனத்த அடுப்புகளைத் துரு தின்றது. சுமக்கக் கூடியதாயும் பொருத்து விடாததாயும் இருந்த எளிய பானையே பயணத்தின் முடிவைக் கண்டது.