விபத்துக்கு முந்தைய கடல்: எண்ணூர்க் கரையோரக் கண்காணிப்பில் கிளைடர்களின் இடம்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு பெரிதில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாட்களுக்குள் எர்ணாவூர்க் கரையில் கொட்டிய கருங்கற்களுக்கு இடையே கெட்டியான எரியெண்ணெய் திரண்டு நின்றது. தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அள்ளினார்கள். கசிந்தது நூறு டன்னுக்கு மேல் என்ற கணக்கு பிறகுதான் வந்தது. எண்ணெய் எந்தத் திசையில் நகரும் என்று ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கணினி மாதிரியைக் கொண்டு கணித்துத் தந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அந்த இடத்தின் கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய அம்மோனியா 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

மூன்று நிகழ்வுகளிலும் தீவிரமான அளவீடு நிகழ்வுக்குப் பிறகே தொடங்கியது. அதற்கு முன் எதுவுமே அளக்கப்படவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கடலோர மாசுக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் 1990களின் தொடக்கத்திலிருந்து எண்ணூர் நீர் படகில் சென்று எடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டு வருகிறது. இருப்பினும் பருவத்துக்கொரு முறை எடுக்கும் மாதிரியால் வாரத்துக்கு வாரம் புரளும் கடலைச் சொல்ல முடியாது. பாதிப்பு என்பது வழக்கமான நிலையிலிருந்து விலகல். வழக்கம் எதுவென்று பதிவாகாத இடத்தில் விலகலை நிறுவுவது கடினம். அந்தச் சுமை எப்போதும் வலை இழந்தவன் தலையில்தான் விழுகிறது. பதிவில் உள்ள இந்த இடைவெளியின் ஒரு பகுதியைக் கிளைடர்களால் நிரப்ப முடியும் என்பதும், எந்தப் பகுதியை நிரப்ப முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் அந்த முயற்சி நேர்மையாக இருக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கிளைடர் என்பது ஆளில்லாமல், இயந்திர விசிறியும் இல்லாமல் நீருக்கடியில் சறுக்கிச் செல்லும் கலம். உள்ளேயுள்ள பம்பு கலத்தின் கன அளவைச் சற்றுக் குறைத்தால் கலம் மூழ்கும்; கூட்டினால் எழும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பக்க இறக்கைகள் முன்னோக்கிய நகர்வாக மாற்றுகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து செயற்கைக்கோள் வழியே வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் முதலிய அளவுகளை அனுப்பும். பொறியாளர் டக்ளஸ் வெப் உருவாக்கிய இந்த எண்ணத்தைக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல் 1989இல் ஒரு கற்பனைக் கட்டுரையாக எழுதினார். உலகைத் தனியே படகில் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகமின் பெயர் அந்தக் கலத்துக்கு இடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2009இல், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக் கிளைடர் ஒன்று 221 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது.

வங்கக் கடலுக்கும் இது புதிதன்று. 2016 ஜூன், ஜூலையில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிந்து சாதனா கப்பலிலிருந்து ஐந்து கிளைடர்களைத் தென் வங்கக் கடலில் இறக்கினார்கள். பருவமழையைக் கணிக்க அந்த ஆழ்கடல் அளவீடு தேவை; அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பராமரிக்கும் மிதவைகளும் நடுக்கடலைத்தான் பெரிதும் பார்க்கின்றன. ஒரே மாநகரத்தின் தென்கோடியில் கடலறிவும் வடகோடியில் கடற்சேதமும் இருக்கின்றன. இவற்றை இணைக்கும் தூரம் அதிகமில்லை.

எண்ணூர்க் கடலுக்கு எதை அளக்க வேண்டும்? எண்ணெய்ப்படலம் நீரின் மேல் மிதப்பது. கீழே செல்லும் கிளைடரை விட அதைச் செயற்கைக்கோளும் விமானமும் நன்றாகப் பார்க்கும். ஒளிர்வு உணரிகளால் நீரில் கலந்த ஹைட்ரோகார்பனை அறிய முடியும். 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது அப்படிக் கிளைடர்கள் பயன்பட்டன. கழிமுகத்திலிருந்து வெளிவரும் கரிமக் கழிவும் அதேபோல் ஒளிர்வதால் இங்கே அந்த அளவை அப்படியே நம்பக்கூடாது. அம்மோனியாவை அளக்கும் கருவி வழக்கமான கிளைடர்களில் கிடையாது. ஆகவே விபத்தைக் கண்டுபிடிக்கும் காவலனாக இதை விற்க முற்படுபவர்களை நம்ப வேண்டாம். கிளைடர் தருவது வேறு: நீரின் அடுக்கமைப்பு, நீரோட்டத்தின் போக்கு, பருவந்தோறும் அவை மாறும் விதம். கணினி மாதிரிகள் திணறுவது இவை இல்லாமல்தான். இதே கடலிலிருந்து நீர் எடுக்கும், காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர்க் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக அமைந்தது. இந்தக் கடலின் உப்புத்தன்மை நகரத்தின் குடிநீர்ப் பிரச்சினையும் ஆகும்.

இனித் தடைகள். ஆழம் முதலாவது. கரையோரக் கிளைடருக்கும் முப்பது மீட்டர் அளவு ஆழம் இருந்தால்தான் நல்லது. எண்ணூர் முகத்துவாரக் குப்பத்துக்காரரும் நெட்டுக்குப்பத்துக்காரரும் இறால் பிடிக்கும் நீர் இடுப்பளவு.

இரண்டாவது தடை நன்னீர். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கிளைடரின் கன அளவு ஏறத்தாழ 55 லிட்டர். ஆழம் குறைந்த நீருக்கான ஸ்லோகம் ரகத்தில் பம்பு மொத்தமாக மாற்றக்கூடியது சுமார் அரை லிட்டர். அதில் பாதிதான் மேலெழும் விசைக்கு. புயல் மழைக்குப் பின் மேல்நீரின் உப்புத்தன்மை பத்து அலகு குறைந்தால் அடர்த்தி லிட்டருக்கு ஏழரை கிராம் குறையும். 55 லிட்டருக்கு அது நானூறு கிராமுக்கு மேல். கால் லிட்டர் விசையால் அதை ஈடுகட்ட முடியாது. கலம் நன்னீர் அடுக்கின் அடியில் சிக்கி, செய்தி அனுப்ப மேலே வர இயலாமல் நிற்கும். எந்த வாரத்தில் அளவு மிகவும் தேவையோ அந்த வாரத்திலேயே கருவி ஊமையாகும். பெரிய பம்பு உள்ள ரகமோ, உதவி விசிறி பொருத்திய ரகமோ வாங்குவதே தீர்வு. கொள்முதல் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி விடுபட்டால் மற்ற வரிகளால் பயனில்லை.

நீரோட்டமும் எளிதானதன்று. இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. உச்சத்தில் அதன் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரை எட்டும். கிளைடரின் சொந்த வேகம் அதில் கால் பங்கு, சற்றே கூடுதல். எண்ணூருக்கு நேரே இறக்கிய கலம் வாடைக் காலத்தில் அந்த ஓட்டத்தின் நடுவில் சிக்கினால் இரண்டு நாளில் புதுச்சேரியைத் தாண்டியிருக்கும். வடசென்னைக் காசிமேட்டு மீனவருக்கு இது செய்தியே இல்லை: நீவாடு (நீரோட்டம்) பார்த்துத்தான் அவர் வலை விடுகிறார், எங்கே விட்டால் எங்கே எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. கிளைடரை இயக்குபவர் கரையில் திரை முன் உட்கார்ந்து போடும் கணக்கும் அதுவே. இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது மரியாதைக்காக மட்டுமன்று.

அவர்கள் சேர்ந்து உட்கார வலை இன்னொரு காரணம். விசைப்படகுகளின் இழுவலை கிளைடரை எளிதில் வாரிக்கொண்டு போகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கருவிக்குப் பாதுகாப்பானது. ஆபத்து மிகுந்த மழைக்காலமோ விசைப்படகுகள் கடலில் இருக்கும் காலம். தடைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டு ஆண்டுமுழுதும் அளந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சபலம் எந்த நிறுவனத்துக்கும் வரும். விசைப்படகு உரிமையாளர்களோடும் மீனவப் பஞ்சாயத்துகளோடும் முன்கூட்டியே பேசி, கலம் செல்லும் தடத்தை அவர்களுக்கு அன்றாடம் தெரிவித்து, வலையில் சிக்கினால் திருப்பித் தருவதற்கும் கிழிந்த வலைக்கும் உரிய தொகையை எழுத்தில் வைத்தால் மழைக்காலத்திலும் ஓட்டலாம்.

எனக்குப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. முப்பது மீட்டருக்கு அப்பால் நீர் தூய்மையாக இருப்பதைக் கிளைடர் காட்டும். அந்த வரைபடத்தை நீட்டி, கழிமுகத்தில் பாதிப்பில்லை என்று ஒருவர் வாதிடக்கூடும். அனல் மின்நிலையச் சாம்பலும் வெந்நீரும் கொசஸ்தலையாற்றின் உட்பகுதியில் சேர்பவை. வெளிக்கடல் அளவு அவற்றுக்குச் சாட்சியாகாது. எனவே கழிமுகத்தில் நிலையான கருவிகளும், இடைப்பட்ட ஆழமற்ற நீரில் மீனவர் படகுகளிலிருந்தே இறக்கும் சிறு அளவீட்டுக் கருவிகளும் இல்லாமல் கிளைடரை மட்டும் இறக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மூன்றும் ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். உலகக் கடல்களில் மிதக்கும் ஆர்கோ மிதவைகளின் ஆழ்கடல் அளவுகள் ஒரு நாளுக்குள் உலகில் எவருக்கும் கிடைக்கின்றன. எண்ணூர் மீனவக் குப்பமான தாழங்குப்பத்துக்கு முன்னால் உள்ள நீரின் அளவு தாழங்குப்பத்துக்குக் கிடைப்பதில் அதைவிடக் கடுமையான விதி இருக்க நியாயமில்லை.

எண்ணூருக்கு நேரே கண்டத்திட்டு 40 முதல் 50 கிலோமீட்டர் அகலம். நாளுக்கு இருபது கிலோமீட்டர் செல்லும் கலம் முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து திட்டின் விளிம்புவரை போய்த் திரும்ப நான்கு அல்லது ஐந்து நாள் ஆகும். இரண்டு கலங்கள் மாறி மாறிச் சென்றால் அக்டோபர் முதல் ஜனவரி வரை அந்த ஒரே கோட்டை வாரந்தோறும் குறைந்தது ஒருமுறை அளக்கலாம். கோடு தொடங்கும் இடம் காமராஜர் துறைமுகக் கப்பல் வழிக்குத் தெற்கே, காசிமேட்டுப் படகுகள் கடலேறும் வழிக்கு வடக்கே இருக்க வேண்டும். அந்த இடத்தைக் குறிக்கும் முதல் கூட்டம் பள்ளிக்கரணையில் கூடாமல் எர்ணாவூரில் கூடட்டும்.