லைப்சிக்கில் கையால் புத்தகம் கட்டுதல்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள லைப்சிக் நகரில், புத்தகத்தைக் கையால் தைத்து அட்டை கட்டும் கலை தொழிலாகவும் வரலாற்று ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவும் நீடிக்கிறது. அந்தத் தொழிலை ஓரங்கட்டிய இயந்திரங்கள் பலவும் இதே நகரில்தான் உருவாயின.

18ஆம் நூற்றாண்டில் லைப்சிக் புத்தகச் சந்தையில் கைமாறியவை பெரும்பாலும் கட்டப்படாத அச்சுத் தாள்களே. கட்டிக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. அதனால் அக்காலப் பிரதியின் கட்டைப் பார்த்தே அதன் உடைமையாளரின் வசதியை ஓரளவு ஊகிக்கலாம்.

1855இல் கார்ல் கிரவுசெ இங்கு இயந்திர ஆலை தொடங்கினார். அங்கு உருவான காகித வெட்டு இயந்திரங்கள் பெயர்பெற்றன. 1879இல் பிரேமர் சகோதரர்கள் கம்பித் தையல் இயந்திரங்கள் செய்யும் ஆலையை நிறுவினர். வேகம் கூடியது, ஆனால் கம்பி துருப்பிடித்து மடிப்போரத் தாளை அரித்தது. அக்கால ஜெர்மன் புத்தகங்கள் பலவற்றின் நடுமடிப்பில் பழுப்புக் கறை தெரிவது இதனால்தான். திருக்குறள் உள்ளிட்ட தமிழ் நூல்களைக் கார்ல் கிரவுல் லைப்சிக்கில் வெளியிட்ட 'பிப்லியோதெக்கா தமுலிகா' (1854–1865) இந்தக் கம்பித் தையலுக்கு முந்தியது.

துருவேறிய மலிவுப் புத்தகம் ஒன்றைப் பிரித்து நூலால் மீண்டும் தைப்பது நல்ல தொடக்கப் பயிற்சி. மடித்த தாள் தொகுப்புகளான பாரங்களை வரிசையாக அடுக்கி, தையல் சட்டத்தில் செங்குத்தாகக் கட்டிய கயிறுகளோடு சேர்த்துத் தைக்க வேண்டும். நூல் ஒவ்வொரு பாரத்தின் நடுமடிப்பிலும் ஓடி, கயிற்றைச் சுற்றி வரும்; ஓரத்தில் முந்தைய பாரத்தோடு முடிச்சிடப்படும். பிறகு முதுகில் பசை தடவி, சுத்தியலால் மெல்லத் தட்டி வளைவு தருவர்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது காகித இழையில். தாள், அட்டை இரண்டின் இழையும் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். இல்லையேல் பசையின் ஈரத்தில் தாள் குறுக்குவாட்டில் விரிந்து அட்டை கோணிவிடும். எந்த வாக்கில் தாள் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கு இணையாக இழை ஓடுகிறது. பசைக்கு மாவுக்கஞ்சியே மேல்: நீர்பட்டால் இளகும், பின்னால் வருபவர் பிரித்துச் சீர்செய்யலாம். பழைய தாளில் பெவிகால் போன்ற பசையைத் தடவுவது பெரும் தவறு.

1764இல் தோன்றிய லைப்சிக் கலைக்கழகத்தில் 1925 முதல் 1945 வரை இக்னாட்ஸ் வீமெலர் கட்டுக்கலை கற்பித்தார். 1935இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் கட்டிய புத்தகங்களைக் காட்சிக்கு வைத்தது. அச்சகங்களும் பைண்டிங் கூடங்களும் நெருங்கியிருந்த 'கிராஃபிஷஸ் ஃபியர்டெல்' பகுதியை 1943 டிசம்பர் 4 குண்டுவீச்சு பெருமளவு அழித்தது. இன்று பிளாக்விட்ஸ் பகுதியில் 1994இல் தொடங்கிய அச்சுக்கலை அருங்காட்சியகத்தில் கட்டுப்பட்டறையும் கருவிகளும் உள்ளன. 1884இல் தொடங்கி, இப்போது ஜெர்மன் தேசிய நூலகத்தின் அங்கமாக உள்ள புத்தக, எழுத்து அருங்காட்சியகத்தில் பழைய கட்டுகளைப் பார்க்கலாம்.